செம்பு எடுத்த ஊர்களும் கடலில் விழுந்த அணியும்: ஜாம்பியா கால்பந்து அணி, ஒரு நிகழ்வு ஆய்வு

லுசாகாவிலிருந்து டாக்கருக்கு நேராகப் பறக்க அந்த விமானத்தால் முடியாது. கடலே இல்லாத ஜாம்பியாவின் தலைநகர் லுசாகா. ஆப்பிரிக்காவின் மேற்கு முனையில், அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரத்தில் இருக்கிறது செனகலின் டாக்கர். வழியில் பிரசாவில், லிப்ரவில், அபிஜான் என மூன்று ஊர்களில் இறங்கி எரிபொருள் நிரப்பினால்தான் போய்ச் சேரலாம். ஜாம்பியா விமானப்படைக்குச் சொந்தமான பஃபலோ ரக விமானம் அது. 1975இல் தயாரானது. இரண்டு எஞ்சின்கள் கொண்டது; படைவீரர்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்வதற்கென்று வடிவமைக்கப்பட்டது. 1993 ஏப்ரல் 27 அன்று நாட்டின் தேசியக் கால்பந்து அணி அதில் ஏறியது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செனகலை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது.

பிரசாவில்லில் இறங்கினார்கள். அடுத்து, காபோன் நாட்டுத் தலைநகரான லிப்ரவில்லில் இறங்கி எரிபொருள் நிரப்பினார்கள். இரவில் அங்கிருந்து கிளம்பிய விமானம் சில நிமிடங்களில், கரையிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 30 பேரும் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் ஆட்டக்காரர்கள்.

2012 பிப்ரவரி 12 அன்று அதே லிப்ரவில்லில் ஜாம்பியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விதி என்றும் அற்புதம் என்றும் உலகமே எழுதியது. படிக்கும்போது எனக்கும் கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் விதி என்று சொல்லிவிட்டால், ஒரு தேசிய அணி ஏன் சரக்கு விமானத்தில் போனது என்று கேட்க இடமில்லாமல் போய்விடுகிறது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களை மொத்தமாக இழந்த நாடு எப்படி ஓராண்டுக்குள் ஆப்பிரிக்க இறுதிப்போட்டிக்கு வந்தது, கோப்பை வென்ற பிறகு ஏன் சரிந்தது என்பவையும் விளங்காமல் போகின்றன. இந்தக் கேள்விகளுக்கான விடையைத் தேடினால் பெரும்பாலும் செம்பில்தான் போய் நிற்கிறோம்.

சுரங்கத்தின் சம்பளப் பட்டியல்

ஜாம்பியாவின் வடக்கே, காங்கோ எல்லையை ஒட்டிக் கிடக்கிறது காப்பர்பெல்ட் என்னும் செம்புச் சுரங்க வட்டாரம். கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா, லுவான்ஷியா, சிலிலாபோம்ப்வே என்று ஒவ்வொரு ஊரும் ஒரு சுரங்கத்தைச் சுற்றி எழுந்தது. சுரங்கம் இருந்தால் தொழிலாளர் குடியிருப்பு இருக்கும். குடியிருப்பு இருந்தால் மைதானம் இருக்கும். மைதானம் இருந்தால் கம்பெனிக்கு ஓர் அணி இருக்கும். கிட்வேயில் நிகானா, பவர் டைனமோஸ். முஃபுலிராவில் வாண்டரர்ஸ். சிங்கோலாவில் நிசாங்கா ரேஞ்சர்ஸ். லுவான்ஷியாவில் ரோவன் யுனைடெட். ஆட்டக்காரன் சுரங்கத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பான். மாதச் சம்பளம், வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பயிற்சிக்கு நேரமும் தரும்.

1964இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற சில ஆண்டுகளில் இந்த ஏற்பாடு அரசின் கைக்கு வந்தது. சுரங்கங்களில் 51 சதவீதப் பங்கை அரசு எடுத்துக்கொண்டது. முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டா கால்பந்துப் பித்தர். தேசிய அணியை மக்கள் அவர் பெயரின் முதலெழுத்துகளால் ‘கேகே லெவன்’ என்றே அழைத்தார்கள். சுரங்கப் பணம், அரசின் ஆதரவு, ஊருக்கு ஊர் போட்டி மூன்றும் சேர்ந்த மண்ணில் ஆட்டக்காரர்கள் முளைத்துக்கொண்டே இருந்தார்கள்.

1974இல் முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஜாம்பியா, கெய்ரோவில் இறுதிப்போட்டி வரைக்கும் போய்விட்டது. எதிரே அன்றைய ஜயர், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஜாம்பியா அடித்த கோலால் ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. பெனால்டியால் முடிவு காணும் வழக்கம் அங்கே இன்னும் வராத காலம். இரண்டு நாள் கழித்து மீண்டும் ஆடினார்கள். 0-2. இரண்டு ஆட்டங்களிலும் ஜயரின் நான்கு கோல்களையும் அடித்தவர் இண்டாயே முலாம்பா என்ற ஒரே ஆள். ஆப்பிரிக்கக் கோப்பையின் வரலாற்றில் இறுதிப்போட்டி மறுபடி ஆடப்பட்டது அந்த ஒரு முறைதான்.

1982இலும் 1990இலும் மூன்றாம் இடம். ஆனால் உலகம் ஜாம்பியாவைத் திரும்பிப் பார்த்தது 1988 செப்டம்பர் 19 அன்று, சியோல் ஒலிம்பிக்கின்போது, தென்கொரியாவின் குவாங்ஜு நகரில். எதிரே இத்தாலி. உலகக் கோப்பையில் ஆடாத தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம் என்பது அன்றைய விதி. ஆகவே இத்தாலி கொண்டுவந்தது கற்றுக்குட்டிகளை அல்ல. கோல் காத்தவரே யுவென்டஸ் கிளப்பின் தக்கோனி. ஆட்டம் 4-0. ஜாம்பியாவின் நான்கில் மூன்றை அடித்தவர் முஃபுலிராவில் பிறந்த கலூஷா புவால்யா. மற்றொன்று ஜான்சன் புவால்யாவுடையது. பிரிவில் முதலிடம் பிடித்த அணி காலிறுதியில் கிளின்ஸ்மானின் மேற்கு ஜெர்மனியிடம் 0-4 எனத் தோற்று வெளியேறியது. அவ்வாண்டின் சிறந்த ஆப்பிரிக்க ஆட்டக்காரர் விருது கலூஷாவுக்குப் போனது. அடுத்த ஆண்டு அவர் நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவன் கிளப்பில் சேர்ந்தார்.

சியோலுக்குப் போன அணியின் நடுக்களத்தில் டெர்பி மக்கின்கா இருந்தார். கோல் காத்தவர் சபாலா. இருவரும் ஐந்தாண்டு கழித்து அந்த பஃபலோ விமானத்தில் இருந்தார்கள்.

இடது எஞ்சின், வலது எஞ்சின்

1970களின் நடுவில் உலகச் சந்தையில் செம்பு விலை விழுந்தது. ஜாம்பியா அதிலிருந்து எழவே இல்லை. கடன் ஏறியது. 1991இல் கவுண்டா தேர்தலில் தோற்றார். புதிய அரசு வந்தபோது கஜானா காலி. பயணிகள் விமானத்தில் அணி முழுவதையும் அனுப்பக் காசில்லை. விமானப்படை விமானம் என்றால் அரசுச் செலவு. அந்தக் கணக்கில்தான் பஃபலோ வந்தது.

அந்த விமானம் 1992இன் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் பறக்காமல் நின்றது. 1993 ஏப்ரல் 21 அன்றுதான் மறுபடி சேவைக்கு எடுத்தார்கள். சோதனைப் பறத்தல் நடந்தது. எஞ்சின்களில் குறைகள் தெரிந்தன. ஆனாலும் பயணம் ரத்தாகவில்லை.

அதற்குள் அணி வேறொரு பயணத்தை முடித்திருந்தது. ஏப்ரல் 25 அன்று மொரீஷியஸில் ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதி ஆட்டம். 3-0 வெற்றி, மூன்று கோலும் கெல்வின் முத்தாலே. அங்கிருந்து லுசாகாவுக்குத் திரும்பி, மூச்சு விட நேரமில்லாமல் டாக்கருக்குக் கிளம்பினார்கள். மொரீஷியஸிலிருந்து அணியை ஓட்டி வந்த அதே விமானிதான் இந்த நீண்ட பயணத்துக்கும்.

பிரசாவில்லில் நிறுத்தியபோதே இடது எஞ்சினில் கோளாறு தெரிந்திருக்கிறது. அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. லிப்ரவில்லில் மேலெழும்பியதும் இடது எஞ்சின் தீப்பிடித்துச் செயலிழந்தது. ஒற்றை எஞ்சினோடு திரும்பி இறங்கும் வாய்ப்பு இருந்த தருணம் அது. விமானி நிறுத்தியது வலது எஞ்சினை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றதும் விமானத்தைத் தாங்க எதுவுமில்லை. எச்சரிக்கை விளக்கில் இருந்த பழுதும் விமானியின் களைப்பும் சேர்ந்து இந்தத் தவறுக்கு வழிவிட்டன என்று காபோன் அரசின் விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கை வெளிவந்தது 2003இல், விபத்து நடந்து பத்தாண்டு கழிந்த பின்.

இந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் படித்தால் ஒன்று தெரிகிறது. விபத்தை எந்த இடத்திலும் தடுத்திருக்கலாம்: சோதனைப் பறத்தலில், பிரசாவில்லில், விமானிக்கு ஓர் இரவு ஓய்வு தருவதில், ஒரு சின்ன விளக்கை மாற்றுவதில். விமானியின் கை தவறியது கடைசி நொடியில். அதற்கு முந்தைய தவறுகள் எல்லாம் அலுவலக மேசைகளில் நடந்தவை. அதனால்தான் விதி என்ற சொல் எனக்கு உறுத்துகிறது.

1949இல் இத்தாலியின் டூரின் நகருக்கு மேலே, சூப்பெர்கா மலையில் மோதிய விமானத்தில் டொரினோ கிளப்பின் அணி அழிந்தது. இத்தாலியத் தேசிய அணியின் முதுகெலும்பே அந்தக் கிளப்தான். அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்காக பிரேசிலுக்கு இத்தாலியர்கள் கப்பலில் போனார்கள். பணக்கார நாடுகளும் இப்படி இழந்திருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன். ஜாம்பியாவில் இழப்பு ஆட்டக்காரர்களோடு நிற்கவில்லை. பயிற்சியாளர் கோட்ஃப்ரி சிட்டாலு நாட்டின் மிகப் பெரிய கோலடிப்பாளர். உதவிப் பயிற்சியாளர் அலெக்ஸ் சோலாவும் பழைய நட்சத்திரம். கால்பந்துச் சங்கத் தலைவர் மைக்கேல் முவாப்பேயும் அந்த விமானத்தில்தான் இருந்தார். ஆடுகிறவர், ஆடக் கற்றுத்தருகிறவர், நிர்வகிக்கிறவர் என்று மூன்று தலைமுறையும் ஒரே இரவில் போயிற்று.

கலூஷா விமானத்தில் இல்லை. நெதர்லாந்திலிருந்து நேரே டாக்கருக்கு வருவதாக ஏற்பாடு. பெல்ஜியத்தில் ஆடிய சார்லி முசோண்டா காயத்தால் வரவில்லை. ஜான்சன் புவால்யாவும் ஐரோப்பாவில் இருந்தார். வெளிநாட்டில் வேலை கிடைத்ததால் உயிர் தப்பிய இந்தச் சிலரைச் சுற்றித்தான் ஓர் அணியைக் கட்ட வேண்டியிருந்தது.

லுசாகாவின் இண்டிபெண்டன்ஸ் மைதானத்துக்கு வெளியே, அரைவட்ட வடிவில் 30 கல்லறைகள். ஹீரோஸ் ஏக்கர் என்று அந்த இடத்துக்குப் பெயர்.

பத்து வாரம்

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து ஜாம்பியா விலகினால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விலகவில்லை. நாடு முழுவதும் உள்ளூர் லீக் ஆட்டக்காரர்களை அழைத்துத் தேர்வு நடத்தினார்கள். டென்மார்க் கை கொடுத்தது: ரோல்ட் பவுல்சன் என்ற பயிற்சியாளரைக் கொடுத்து, அணியைத் தன் நாட்டுக்கு வரவழைத்துச் சில வாரங்கள் பயிற்சியும் அளித்தது. தேறியவர்களில் பலர் அதுவரை தேசியச் சட்டையையே போடாதவர்கள்.

1993 ஜூலை 4. விபத்து நடந்து பத்து வாரம்கூட ஆகவில்லை. லுசாகாவில் மொராக்கோவுடன் ஆட்டம். கல்லறை மண் இன்னும் காயாத மைதானம் அது. உள்ளே வந்த ஒவ்வொருவரும் அந்த அரைவட்டத்தை நினைக்காமல் நடந்திருக்க முடியாது. மொராக்கோ முதல் கோல் அடித்தது. பிறகு ஃபிரீ கிக் ஒன்றை கலூஷா நேராக வலைக்குள் அனுப்பினார். அடுத்த கோல் ஜான்சன் புவால்யா. 2-1. குவாங்ஜுவில் இத்தாலிக்கு எதிராகக் கோலடித்த அதே இருவர், ஐந்தாண்டு கழித்து, அன்றைய தோழர்கள் பலர் இல்லாத அணிக்காக அடித்தார்கள்.

ஒரு வாரத்தில் ஹராரேயில் ஜிம்பாப்வேக்கு எதிராக ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதி ஆட்டம். சமநிலை போதும். பீட்டர் இண்ட்லோவு அடித்து ஜிம்பாப்வேயை முன்னிலைக்குக் கொண்டுபோனார். கலூஷா தலையால் முட்டிச் சமன் செய்தார். 1-1. டாக்கரில் நடக்க வேண்டியிருந்த அந்த ஆட்டம் ஆகஸ்டில் நடந்தது, 0-0. செப்டம்பரில் செனகல் லுசாகாவுக்கு வந்து 0-4 என்று தோற்றது.

எஞ்சியது ஒரே ஆட்டம். அக்டோபர் 10, காசாபிளாங்கா. டிரா செய்தால் ஜாம்பியாவுக்கு அமெரிக்காவில் 1994 உலகக் கோப்பை. தோற்றால் மொராக்கோவுக்கு. இரண்டாம் பாதியில் லக்ரிசி ஒரு கோல் அடித்தார். 0-1. நடுவராக இருந்தவர் காபோன் நாட்டவர். அந்த நாட்டின் பெயர் காதில் விழுந்தாலே ஜாம்பியர்களுக்கு எரிந்த காலம் அது. அவருடைய தீர்ப்புகளைப் பற்றிய மனக்கசப்பு அவர்களுக்கு நெடுநாள் ஆறவில்லை. புள்ளிப் பட்டியல் மட்டும் எளிமையானது: மொராக்கோ 6, ஜாம்பியா 5.

என் பார்வையில் ஜாம்பியா ஆண்கள் அணியின் வரலாற்றில் மிகப் பெரிய ஆட்டம் இந்தத் தோல்விதான். 2012இன் வெற்றியைவிட இதைப் பெரிதாக வைக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் சவப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த நாடு, உலகக் கோப்பைக்கு ஒரே ஒரு புள்ளி தொலைவில் நின்றது. இத்தனை ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? நிகானாவிலிருந்தும் பவர் டைனமோஸிலிருந்தும் மற்றச் சுரங்க ஊர்களிலிருந்தும் வந்தார்கள். பவர் டைனமோஸ் 1991இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்றோர் கிளப் போட்டியையே வென்றிருந்தது. மேலே இருந்த 18 பேர் போனாலும், கீழே அடுத்தடுத்த அடுக்குகள் இருந்தன. 30 ஆண்டாகச் சுரங்கக் கம்பெனிகள் நிரப்பி வைத்த கிணறு அது. ஒரே அடியில் வற்றிவிடவில்லை.

1994 ஏப்ரலில் துனிஸ் நகரில் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதிப்போட்டி வரைக்கும் போனார்கள். பயிற்சியாளர் இப்போது ஸ்காட்லாந்துக்காரரான இயன் போர்ட்டர்ஃபீல்டு. அரையிறுதியில் மாலியை 4-0 என்று நொறுக்கினார்கள். இறுதியில் எதிரே நைஜீரியா. மூன்றாம் நிமிடத்திலேயே எலைஜா லிட்டானா தலையால் முட்டி ஜாம்பியாவை முன்னிலையில் வைத்தார். இரண்டு நிமிடத்தில் அமுனிக்கே அதைச் சமன் செய்தார். இரண்டாம் பாதி தொடங்கியதும் இன்னொன்று அடித்தார். 1-2. அன்று ஏப்ரல் 10. விபத்தின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இன்னும் 17 நாள் இருந்தது.

வற்றிய கிணறு

1996இல் மூன்றாம் இடம். அதோடு அந்த ஓட்டம் முடிந்தது. 1997 முதல் 2000 வரை அரசு சுரங்கங்களைத் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்றது. வாங்கியவர்களுக்கு மைதானமும் கிளப்பும் லாபக் கணக்கில் வராத செலவுகள். கலூஷாவை வளர்த்த முஃபுலிரா வாண்டரர்ஸ் முதல் பிரிவிலிருந்தே கீழே இறங்கியது. 1998, 2000, 2002 ஆகிய மூன்று ஆப்பிரிக்கக் கோப்பைகளிலும் லீக் சுற்றோடு வெளியேற்றம். 2004இல் தகுதியே இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் லைபீரியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், பயிற்சியாளராக வெளியே உட்கார்ந்திருந்த கலூஷா, 41 வயதில், தானே மாற்று ஆட்டக்காரராக இறங்கிக் கடைசி நேரத்தில் ஃபிரீ கிக் அடித்து 1-0 என்று ஜெயிக்க வைத்தார். பார்க்க அழகான காட்சி. 41 வயதுக்காரரைத் தேட வேண்டிய நிலைக்கு அணி வந்துவிட்டது என்பதும் அதே காட்சியில்தான் இருக்கிறது.

2008இல் கலூஷா கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார். பிரெஞ்சுக்காரரான எர்வே ரெனார் பயிற்சியாளராக வந்தார். அதிகம் அறியப்படாத பெயர். 2010இல் அங்கோலாவில், கேமரூனும் துனீஷியாவும் இருந்த பிரிவில் ஜாம்பியா முதலிடம் பிடித்துக் காலிறுதியில் நைஜீரியாவிடம் பெனால்டியில் தோற்றது. ரெனார் போனார். பின்னால் வந்த டாரியோ பொனெட்டி 2012 கோப்பைக்கு அணியைத் தகுதி பெற வைத்த கையோடு நீக்கப்பட்டார். ரெனார் திரும்பி வந்தார். பொனெட்டிக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கோலாவில் ஆடிய அதே அணி, அதே பயிற்சியாளர் என்ற தொடர்ச்சி பலன் தந்தது.

இங்கே செம்பு இன்னொரு வழியாக உள்ளே வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், காங்கோவின் லுபும்பாஷி நகரிலும் அதே செம்புப் படுகை. அந்த ஊரின் டிபி மசெம்பே கிளப், சுரங்க வட்டாரத்தின் செல்வந்தரான மொய்ஸ் கட்டும்பியின் பணத்தில் 2009, 2010 இரண்டு ஆண்டும் ஆப்பிரிக்கக் கிளப் சாம்பியன் ஆனது. ஸ்டோப்பிலா சுன்சு, ரெயின்ஃபோர்டு கலாபா, ஹிசானி ஹிமூண்டே மூவரும் அங்கே ஆடியவர்கள். ஜாம்பியாவின் சுரங்கங்கள் கைவிட்ட வேலையை அண்டை நாட்டின் சுரங்கப் பணம் ஓரளவுக்குச் செய்தது.

மீண்டும் லிப்ரவில்

2012 கோப்பையைக் காபோனும் எக்வடோரியல் கினியும் சேர்ந்து நடத்தின. ஜாம்பியாவின் லீக் ஆட்டங்கள், காலிறுதி, அரையிறுதி எல்லாம் எக்வடோரியல் கினியில்தான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் அங்கேதான். லிப்ரவில் மண்ணை மிதிக்க ஒரே வழி இறுதிப்போட்டிக்குத் தகுதி பெறுவது.

முதல் ஆட்டத்தில் கோப்பையை வெல்லும் என்று பலர் நம்பிய செனகலை 2-1 என வீழ்த்தினார்கள். மழைநீர் தேங்கிய திடலில் லிபியாவுடன் 2-2. நடத்தும் நாடுகளில் ஒன்றான எக்வடோரியல் கினியை 1-0. இடையில் கட்டுப்பாட்டை மீறி இரவில் வெளியே போன கிளிஃபர்ட் முலெங்கா மன்னிப்புக் கேட்க மறுத்ததும் ரெனார் அவரை வீட்டுக்கு அனுப்பினார். காலிறுதியில் சூடான் 3-0. அரையிறுதியில் கானா. எட்டாம் நிமிடத்தில் அசமோவா கியான் அடித்த பெனால்டியை கென்னடி முவீனே தடுத்தார்; 78ஆம் நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர் எம்மானுவேல் மயூக்கா அடித்த கோல் அணியை லிப்ரவில்லுக்குக் கொண்டுவந்தது.

வந்ததும் கடற்கரைக்குப் போனார்கள். கலூஷாவும் உடன் வந்தார். விமானம் விழுந்த நீர்ப்பரப்பைப் பார்த்து நின்று மலர்களைக் கடலில் விட்டார்கள். அந்த ஆட்டக்காரர்களில் சிலர் 1993இல் சின்னக் குழந்தைகள்.

இறுதிப்போட்டியில் எதிரே ஐவரி கோஸ்ட்: ட்ரோக்பா, யாயா டூரே, ஜெர்வீன்யோ. அந்தத் தொடர் முழுவதும் ஒரு கோலைக்கூட வாங்காத அணி. ஜாம்பியாவின் கேப்டன் கிறிஸ்டோபர் கட்டோங்கோ சீனாவில் ஒரு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர். ஜாம்பியா ராணுவத்திலும் பணியில் இருந்தவர். 12ஆம் நிமிடத்திலேயே தற்காப்பு ஆட்டக்காரர் ஜோசஃப் முசோண்டா காயம்பட்டு அழுதுகொண்டே வெளியேறினார். 70ஆம் நிமிடத்தில் ஐவரி கோஸ்ட்டுக்குப் பெனால்டி. ட்ரோக்பா அடித்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. கூடுதல் நேரத்தில் கட்டோங்கோவின் அடி கோல்கீப்பரின் கையில் பட்டுக் கம்பத்தில் மோதித் திரும்பியது. 120 நிமிடம், 0-0.

பெனால்டி வரிசையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண்ணில் நிற்பது ஐந்தாவது முறை. ஐவரி கோஸ்ட்டுக்காக ட்ரோக்பா வந்து, இம்முறை சரியாக அடித்துவிட்டுப் போகிறார். ஜாம்பியா இப்போது தவறினால் எல்லாம் முடிந்தது. அடிக்க வருவது முவீனே. கோல்கீப்பர். கையுறையோடு நடந்து வந்து, பந்தை வைத்து, அடிக்கிறார். 5-5. மைதானத்தின் நடுக்கோட்டில் மற்ற ஜாம்பியர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு நிற்கவே இல்லை. எட்டாவது முறை கோலோ டூரே அடித்ததை முவீனே தடுக்கிறார். கலாபா அடித்தால் கோப்பை. கலாபா மேலே அடித்துவிடுகிறார். ஒன்பதாவது முறை ஜெர்வீன்யோவும் மேலே அடிக்கிறார். 22 வயது சுன்சு நடந்து வருகிறார். அடிக்கிறார். 8-7.

ரெனார் ஓடிப்போய், நடக்க முடியாத முசோண்டாவை இரு கைகளிலும் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு வந்து, கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே இறக்கிவிட்டார். கலூஷாவின் கைக்கும் கோப்பை வந்தது. ஆட்டக்காரராக துனிஸில் எட்டாத கோப்பை.

அதன் பிறகு

அடுத்த ஆண்டே, 2013இல், நடப்புச் சாம்பியன் மூன்று ஆட்டங்களையும் டிரா செய்து லீக் சுற்றோடு வெளியேறியது. 2015இலும் லீக் சுற்றுதான். 2017, 2019, 2021 ஆகிய மூன்று கோப்பைகளுக்கும் ஜாம்பியா தகுதியே பெறவில்லை. கோப்பை வென்ற ஓர் அணி அடுத்த பத்தாண்டில் மூன்று முறை வாசலிலேயே நின்றுபோனதற்கு 1993ஐக் காரணம் சொல்ல முடியாது. விபத்துக்குப் பிறகு அடுத்த அடுக்கைக் கொடுத்த கிளப்புகள் 2012க்குப் பிறகு பழைய பலத்தில் இல்லை. வெற்றியின் வெளிச்சத்தில் அந்த வெற்றிடத்தை யாரும் பார்க்கவில்லை.

காசாபிளாங்காவில் மூடிய கதவை 30 ஆண்டு கழித்துத் திறந்தவர்கள் பெண்கள். ஜாம்பியா மகளிர் அணி 2023 உலகக் கோப்பையில் ஆடியது. மூத்தோர் உலகக் கோப்பையில் அந்த நாட்டின் முதல் அணி. ஜப்பானிடமும் ஸ்பெயினிடமும் 0-5, 0-5 என்று தோற்ற பின், நியூசிலாந்தின் ஹாமில்டனில் கோஸ்டாரிகாவை 3-1 என்று வென்றார்கள். கேப்டன் பார்ப்ரா பண்டா அடித்த பெனால்டி, மகளிர் உலகக் கோப்பை வரலாற்றின் 1000ஆவது கோல். ஆண்கள் அணி இன்றுவரை அங்கே போனதில்லை.

லுசாகாவில் பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே இப்போது நேஷனல் ஹீரோஸ் ஸ்டேடியம் இருக்கிறது. இறந்தவர்கள் நினைவாக வைத்த பெயர். கல்லறைகளின் அரைவட்டம் அருகிலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஏப்ரல் 27 அன்றும் குடும்பத்தார் அங்கே மலர் வைக்க வருகிறார்கள். நஷ்டஈட்டுக்காக நீதிமன்றம் ஏறி இறங்கியவர்களுக்கு 2002இல்தான் தீர்ப்பு கிடைத்தது. எஞ்சின் எப்படி நின்றது என்பதைக் காபோன் அறிக்கை சொல்லிவிட்டது. மாதக்கணக்கில் பறக்காமல் கிடந்த விமானத்தில் அணியை ஏற்றலாம் என்று லுசாகாவில் கையெழுத்துப் போட்டது யார் என்பதை அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.